உங்கள் வாத்தியத்தை இன்னொருவர் கேட்டால்: புதிதாக வாங்கியவர்களுக்கு

வீட்டுக்கு ஒரு வீணையோ மிருதங்கமோ வயலினோ வந்துவிட்டால் போதும், நீங்கள் சரளி வரிசையைத் தாண்டுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "நான் ஒரு தடவை வாசிச்சுப் பாக்கலாமா?" கேட்பவர் பக்கத்து வீட்டு மாமியாக இருக்கலாம், கொலு பார்க்க வந்த பையனாக இருக்கலாம், ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். எப்படி உட்காருவது, எப்படிச் சுருதி சேர்ப்பது என்றெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கேட்டால் என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்க மனமில்லை என்றால் முகம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். கொடுப்பதென்றால் அவரை உட்கார வைத்து, முறையாகக் கொடுத்து, அவர் கையில் ஒரு நல்ல ஒலி பிறக்கும்வரை கூடவே இருங்கள். அரை மனதோடு நீட்டிவிட்டு, அவர் விரல் வைப்பதற்கு முன்பே "பாத்து, பாத்து" என்று பதறி, அரை நிமிடத்தில் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் மோசம். கேட்டவருக்கு மனம் நோகும். வாத்தியத்துக்கும் அது நல்லதில்லை, பதற்றத்தில் கை மாறும்போதுதான் கீழே விழும்.

கேள்வி வரும் முன்பே முடிவு செய்யுங்கள்

கேட்ட பிறகு யோசித்தால் தாட்சண்யத்தில் வாய் "சரி" என்றுதான் சொல்லும். வாங்கிய வாரத்திலேயே தனியாக உட்கார்ந்து தீர்மானித்துக்கொள்ளுங்கள். எதைக் கொடுப்பேன், எதை யாருக்கும் கொடுக்க மாட்டேன், எந்தெந்த நாட்களில் கொடுக்க மாட்டேன்.

வாய் வைக்கிற வாத்தியங்களில் யோசிக்கவே வேண்டாம். புல்லாங்குழல், நாதஸ்வரம், மோர்சிங் மூன்றும் எச்சில் படுபவை. "இது எச்சில் வாத்தியம், யாருக்கும் கொடுக்கறதில்ல" என்று சொன்னால் நம் ஊரில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாதஸ்வரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அதன் சீவாளி நாணலில் செய்வது. வாசிப்பவரின் உதட்டுக்கும் மூச்சுக்கும் பழகப் பழகத்தான் அது பேசும். வித்வான்கள் சில சீவாளிகளை நூலில் கட்டி வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழகிய சீவாளி கெட்டுப்போனால் புதிதாக ஒன்றைப் பழக்கியாக வேண்டும். மோர்சிங்கைப் பல்லோடு சேர்த்துப் பிடிக்க வேண்டியிருப்பதால், தெரியாதவர் தட்டினால் பல்லிலோ நாக்கிலோ அடிபடும். தவில்காரரின் விரல் கூடும் அவரவர் விரல் அளவுக்கு ஏற்பச் செய்தது. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

குருவின் வாத்தியம் உங்கள் பொறுப்பில் இருந்தால் அதைக் கொடுக்கிற உரிமை உங்களுக்கு இல்லை. வாடகைக்கு எடுத்தது, இசைப்பள்ளியிலிருந்து கொண்டுவந்தது எல்லாமே அப்படித்தான்.

அப்புறம் நாட்கள். கச்சேரியோ பரீட்சையோ உள்ள வாரத்தில் வேண்டாம். புதிதாக மெழுகு போட்டு மெட்டு (தந்தியை அழுத்துகிற குறுக்குக் கம்பி) நிறுத்தி வந்த வீணையையும், புது மூட்டு (வாய்த் தோல்) போட்ட மிருதங்கத்தையும் கொஞ்ச நாள் நீங்கள் மட்டும் வாசியுங்கள். சரஸ்வதி பூஜையன்று பல வீடுகளில் வாத்தியம் பூஜையில் இருக்கும், அன்று வாசிப்பதில்லை. மறுநாள் விஜயதசமியில்தான் எடுப்பார்கள். கொலு சமயத்தில் உங்கள் வீட்டுக்கு வருபவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். "இன்னைக்குப் பூஜையில வெச்சிருக்கோம், நாளைக்கு வாங்க" என்று சொல்லுங்கள். நாளைக்கு வந்தால் கண்டிப்பாகக் கொடுங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதி, மதம், தீட்டு என்று பார்த்து ஒரு கையை விலக்காதீர்கள். பலா மரத்தைக் கடைந்தவர், தோலைப் பதப்படுத்தியவர், வார் இழுத்துப் பூட்டியவர் என்று எத்தனையோ பேர் கை பட்ட பிறகுதான் மிருதங்கம் உங்கள் மடிக்கு வந்திருக்கிறது. கை ஈரமாக இருக்கிறதா, மோதிரம் போட்டிருக்கிறதா, இது இரண்டும்தான் நீங்கள் பார்க்க வேண்டியவை.

மறுப்பது எப்படி

நீளமாகக் காரணம் சொல்லாதீர்கள். "ரிப்பேர்ல இருக்கு" என்று ஒரு பொய் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்து வேறு யாரோ கேட்டார்கள் என்று வாசித்துக் காட்டினால் முதலில் கேட்டவர் வருத்தப்படுவார். குரு அப்படிச் சொல்லியிருந்தாலொழிய "குரு கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்று அவர் தலையிலும் போடாதீர்கள். இப்படிச் சொன்னால் போதும்:

"மன்னிச்சுக்கோங்க அண்ணா, இதை நான் யார்கிட்டயும் கொடுக்கறதில்ல. வாங்க, பக்கத்துல உக்காருங்க, நான் வாசிக்கறேன்."

இதில் இரண்டாவது பாதிதான் முக்கியம். பெரும்பாலானவர்களுக்கு வாசிக்க வேண்டும் என்பதைவிடக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் இருக்கும். தந்தி அதிர்வதை அருகில் காட்டுங்கள். வீணை என்றால் குடத்தின் (உருண்டையான அடிப்பாகத்தின்) மேல் ஒரு கையை வைக்கச் சொல்லிவிட்டு, கனமான அனுமந்தரத் தந்தியை மீட்டுங்கள். அந்த அதிர்வு உள்ளங்கையில் ஏறும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

உறவுக்காரர்களிடம் மறுப்பது கடினம். அதுவும் பெரியப்பா, அத்தை முறையில் இருப்பவர்கள் கேட்கக்கூட மாட்டார்கள், நேராகக் கை நீட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் பேச்சைவிட உடம்பு வேகமாக வேலை செய்ய வேண்டும். எழுந்து வாத்தியத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். "இருங்க அத்தை, நான் எடுத்துத் தர்றேன்" என்று சொல்லுங்கள். எடுப்பதும் வைப்பதும் உங்கள் கையில் இருந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

கொடுப்பதற்கு முன்னால்: கை, மோதிரம், எண்ணெய்

"சரி" என்று சொல்லிவிட்டீர்கள். உடனே நீட்டாதீர்கள். தரையில் பாயோ ஜமுக்காளமோ விரித்து அவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். நின்றபடி யாரும் யாருக்கும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. செல்பி எடுக்க வேண்டும் என்று கேட்டாலும் இதே விதிதான். வீணையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோவுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கை கழுவச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டாம். "கை கழுவிட்டு நல்லாத் துடைச்சுட்டு வாங்க, தோல் வாத்தியம் ஈரம் தாங்காது" என்று காரணத்தோடு சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பஜ்ஜி சாப்பிட்ட கையோடு வருபவர்கள்தான் அதிகம்.

மோதிரம், கடிகாரம், வளையல், நீளச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். மிருதங்கத் தோலுக்கும் கடத்துக்கும் மோதிரம்தான் பெரிய எதிரி. வீணையின் பலகையில் வளையல் உரசிய கீறல் வார்னிஷ் போட்டாலும் முழுசாகப் போகாது. கழற்ற முடியாத மோதிரம் என்றால் அந்தக் கையால் வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீணையில் இடது கை மெட்டைத் தொடாமல் வலது கையால் மட்டும் மீட்டினாலே நன்றாகத்தான் இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் புதியவர்கள் குழம்புவார்கள். வீணை வாசிப்பவர்கள் இடது கை விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது வழக்கம். தந்தியில் விரல் வழுக்கிப் போகும், சதையும் அறுபடாது. வந்தவருக்கும் அதையே கொடுக்கலாம். ஆனால் அதே கை மிருதங்கத்தின் நடுவில் உள்ள கறுப்பு வட்டமான கரணையிலோ வயலின் வில்லின் முடியிலோ பட்டுவிடக் கூடாது. இரண்டு வாத்தியமும் இருக்கிற வீட்டில் முதலில் மிருதங்கம், பிறகு வீணை என்று வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்.

கால் படக்கூடாது, தாண்டிப் போகக்கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். வேறு பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. நீங்கள் வாசிக்கும் முன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வீர்கள். வந்தவரும் அப்படிச் செய்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். பார்த்துவிட்டு அவர்களாகவே செய்பவர்களும் உண்டு.

வீணை

வீணையைத் தூக்குவதில்தான் விபத்துகள் நடக்கின்றன. தெரியாதவர் கண்ணில் பிடிக்க வாகாகத் தெரியும் இடங்கள் மூன்று: யாளி முகம், சுரைக்காய், தண்டி என்கிற நீளக் கழுத்தின் நடுப்பகுதி. மூன்றிலும் பிடித்துத் தூக்கக் கூடாது. யாளி முகம் அழகுக்காக வைத்தது. சுரைக்காய் இன்று பெரும்பாலும் பைபரிலோ காகிதக் கூழிலோ செய்து திருகி மாட்டியது, எடை தாங்காது. தண்டியை மட்டும் பிடித்தால் குடத்தின் பாரம் முழுக்க ஒரே இடத்தில் இழுக்கும். ஒரே மரத்தில் கடைந்த ஏகாண்ட வீணை கொஞ்சம் தாங்கும். குடத்தையும் தண்டியையும் தனித்தனியாகச் செய்து ஒட்டியது என்றால் இழுப்பெல்லாம் அந்த ஒட்டின் மேல்தான் விழும். அதனால் நீங்களே எடுங்கள். ஒரு கை குடத்தின் அடியில், இன்னொரு கை தண்டியின் அடியில்.

அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகு, குடம் அவருக்கு வலப்பக்கம் தரையில் படும்படியும் சுரைக்காய் இடது தொடையில் தங்கும்படியும் வையுங்கள். வைத்தவுடன் கையை எடுத்துவிடாதீர்கள். அவர் தன் இடது கையைத் தண்டிக்கு அடியில் விட்டு மேலே கொண்டுவந்து ஒரு நிலைக்கு வரும்வரை நீங்கள் தண்டியைப் பிடித்துக்கொண்டே இருங்கள். முதல் தடவை உட்காருபவருக்கு வீணை முன்னால் சாய்வது போலத் தோன்றும். சட்டென்று இழுத்துப் பிடிக்கப் பார்ப்பார்கள், அப்போது கை நேராகத் தந்தியில் போய் மாட்டும்.

இனி முதல் ஒலி. மெட்டைத் தொடச் சொல்லாதீர்கள். பக்கவாட்டில் இருக்கும் மூன்று தாளத் தந்திகளைச் சுண்டுவிரலால் மீட்டச் சொல்லுங்கள். ஸட்ஜமும் பஞ்சமமும்தான் அங்கே இருக்கின்றன. எப்படித் தொட்டாலும் இனிமையாகவே ஒலிக்கும். அப்புறம் மேலே உள்ள நான்கு தந்திகள்: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். இவற்றிலும் ச, ப, ச, ப மட்டும்தான். சுருதி சேர்த்த வீணையில் திறந்த தந்தியை மீட்டுபவர் தப்பாக வாசிக்கவே முடியாது. புதியவருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய முதல் சந்தோஷம் இதுதான்.

இன்னும் ஆசை இருந்தால் சாரணியில் மோகன ராகம் காட்டுங்கள். திறந்த தந்தி ஸட்ஜமம். பிறகு 2-ஆம் மெட்டு, 4, 7, 9, கடைசியாக 12-இல் மேல் ஸட்ஜமம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, மெட்டின் மேலேயே கொஞ்சம் பிரடைப் (சுருதி சேர்க்கத் திருகும் முளை) பக்கமாக வைத்து அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் ஒவ்வொரு மெட்டாக விரலால் காட்டிக்கொண்டே போனால் இரண்டு நிமிடத்தில் ஆரோகணம் வந்துவிடும். தன் கையிலிருந்து ஒரு ராகம் வந்தது என்று அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்வார். தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிற கமகம் மட்டும் வேண்டாம்.

கவனம் வேண்டிய இன்னொரு இடம் மெழுகு. வீணையின் 24 மெட்டுகளும் தண்டியின் இரு ஓரத்திலும் உள்ள கறுப்பு மெழுகில் பதிந்துதான் நிற்கின்றன. பார்க்க மரம் போலவே இருப்பதால் பேசிக்கொண்டே அதில் நகத்தால் கீறுவார்கள், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகள். பிறை வடிவத்தில் நகத் தடம் பதிந்துவிடும். ஒன்றிரண்டு தடத்தால் சுருதி கெடாது, ஆனால் மெட்டின் அடியில் கீறினால் மெட்டு ஆடத் தொடங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் மெழுகு இளகியிருக்கும்போது பலமாக அழுத்தினாலே மெட்டு நகரும். மே மாத மதியங்களில் நான் யாருக்கும் வீணையைக் கொடுப்பதில்லை, நீங்களும் கொடுக்க வேண்டாம்.

பிரடையைத் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதைத் தொட்டாலும் திருகிப் பார்ப்பது மனித இயல்பு.

மிருதங்கம்

மிருதங்கத்தைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் அடிக்கத் தோன்றும். அடிக்கிற அடியைக் குறைப்பதுதான் உங்கள் வேலை. தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவை ஒட்டாமல் கொடுத்தால் அந்தப் பக்கம் வறட்சியாகக் கேட்கும். கும்மென்று வர வேண்டும் என்று அவர் இன்னும் பலமாக அடிப்பார். ஆகவே கொடுப்பதென்றால் கொஞ்சம் ரவையைத் தண்ணீரில் பிசைந்து ஒட்டிவிட்டே கொடுங்கள். நேரமில்லை என்றால் வலப்பக்கத் தோலான வலந்தலையை மட்டும் காட்டுங்கள்.

வலந்தலையில் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், அதாவது கரணை, சோற்றையும் கல் பொடியையும் சேர்த்து அரைத்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றியது. வியர்வையும் ஈரமும் பட்டால் பொருக்கு விடும். நகத்தால் சுரண்டினால் பெயரும். விரலை மடக்கி முட்டியால் தட்டவே கூடாது. ஓரத்தில் ஆள்காட்டி விரலால் "நம்" என்ற சொல்லை ஒரு தடவை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பிறகு அவர் செய்யட்டும். மோதிர விரல் கரணையின் விளிம்பில் லேசாகத் தொட்டிருந்தால்தான் அது சுருதியோடு கணீரென்று வரும். முதல் பத்துத் தடவை வராது, பதினோராவது தடவை வரும்போது அவரே நிறுத்திவிட்டு உங்களைப் பார்ப்பார்.

சுருதி கூட்டுகிற கல்லையும் கட்டையையும் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். அதைப் பார்த்தவர்கள் அதுவும் வாசிக்கிற கருவி என்று நினைத்து எடுத்து அடிப்பார்கள். மிருதங்கத்தின் மேல் யாரும் உட்காராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அது குதிரையாகத் தெரியும்.

வயலின்

வில்லை எப்போதும் அடிக்கட்டைப் பக்கம் நீட்டிக் கொடுங்கள். முடியைக் கை தொட்டால் தோலின் பிசுக்கு ஏறிவிடும், அந்த இடத்தில் வில்லில் தேய்க்கிற ரோசின் பிடிக்காது, தந்தியில் வில் வழுக்கும். வில்லைக் கொடுக்கும்போதே "முடியைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் வில் கைக்கு வந்ததும் முதலில் முடியைத் தடவிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம்.

வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரை ஒட்டியிருக்காது, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. உள்ளே இருக்கும் சின்னக் கட்டையும் அப்படித்தான். யாராவது சுருதி மாற்றுகிறேன் என்று எல்லாத் தந்திகளையும் தளர்த்தினால் இரண்டுமே விழலாம். மேற்கத்திய முறையில் கற்றவர் கேட்டால் இது அடிக்கடி நடக்கும். நம் வயலினின் ச-ப-ச-ப சுருதி அவர்களுக்குப் பழக்கமில்லை, கை தானாகப் பிரடைக்குப் போகும். "சுருதியை மாத்த வேண்டாம், அப்படியே வாசியுங்க" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அவர்கள் தாடையில் வைத்து நின்றபடி வாசிப்பார்கள், நாம் உட்கார்ந்து வலது கணுக்காலில் தலைப்பகுதியைத் தாங்க வைக்கிறோம். அவர் வழக்கப்படியே வாசிக்க விடுங்கள்.

இந்த வாத்தியமே அப்படி ஒரு கை மாற்றத்தில் நமக்கு வந்ததுதான். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டு அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று ஏறக்குறைய எல்லாக் கச்சேரி மேடையிலும் வயலின் இருப்பதற்கு, அந்த ஐரோப்பியர் சொல்லிக்கொடுக்க இசைந்ததும் ஒரு காரணம்.

குழந்தைகள் கேட்கும்போது

நவராத்திரி ஒன்பது நாளும் இதற்குப் பரீட்சைதான். பாட்டுப் பாடி, சுண்டல் வாங்கிக்கொண்டு பெரியவர்கள் பேச உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் கொலுப்படியை விட்டுவிட்டு வீணையைச் சுற்றி வந்துவிடும்.

குழந்தையிடம் அதட்டாதீர்கள். ஏழெட்டு வயதில் "தொடாதே!" என்று விழுந்த ஒரு சத்தத்தால் சங்கீதத்தின் பக்கமே போகாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். ஒரு தடவை எங்கள் வீட்டில் ஒரு பையன் ரொம்ப நேரம் வீணையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசிக்கறியாடா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினான். அவனுக்கு வேண்டியதெல்லாம் யாளியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பது. விட்டுப் பார்த்தான், பல்லைத் தடவினான், கடிக்காது என்று தெரிந்ததும் தங்கையைக் கூட்டிவரப் போய்விட்டான்.

வாசிக்கத்தான் வேண்டும் என்றால் வீணையைத் தரையிலேயே அசையாமல் வைத்து, குழந்தையை உங்கள் மடியிலோ பக்கத்திலோ உட்கார வைத்து, அதன் விரலை நீங்கள் பிடித்து மீட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். மற்றவர்கள் வரிசையில். வரிசை என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் பெரியவர்களைவிட நேர்மையாக நடந்துகொள்வார்கள். யாராவது முந்தினால் அவர்களே பிடித்துவிடுவார்கள். தாயோ தகப்பனோ கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். தந்தி அறுந்து முகத்தில் அடிக்க வாய்ப்பு உண்டு, குனிந்து பார்க்கிற குழந்தையின் கண் தந்திக்கு மிக அருகில் இருக்கும்.

பழைய மிருதங்கம், தோல் போன கஞ்சிரா, ஒரு ஜோடி ஜால்ரா என்று ஏதாவது ஒன்றைப் பிள்ளைகளுக்கென்றே எடுத்து வைத்துவிட்டால் நிம்மதி. ஜால்ராவை மட்டும் சத்தம் தாங்குகிற வீட்டில் கொடுங்கள்.

உங்களைவிட நன்றாக வாசிப்பவர் கேட்டால்

இந்த நேரத்தில் புதியவர்கள் கூச்சப்பட்டு வாத்தியத்தைக் கட்டி வைத்துவிடுவார்கள். செய்யாதீர்கள், இது அரிய வாய்ப்பு. உங்கள் வீணையை எதிரில் உட்கார்ந்து நீங்கள் கேட்டதே இல்லை. வாசிப்பவர் காதுக்குக் கேட்கும் நாதம் வேறு, இரண்டடி தள்ளி இருப்பவருக்குக் கேட்கும் நாதம் வேறு. நல்ல கை ஒன்று அதை வாசிக்கும்போது எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். இத்தனை நாள் நீங்கள் குறை என்று நினைத்தது வாத்தியத்தில் இருக்கிறதா, விரலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பஞ்சமத் தந்தி இரைகிறது என்று நினைத்திருப்பீர்கள், அவர் கையில் இரையாது.

அவர் சுருதியை மாற்ற விரும்பலாம். உங்கள் வீணை மூன்று கட்டைச் சுருதியில் இருக்கிறது, அவர் ஐந்துக்கு ஏற்றப் பார்க்கிறார் என்றால் தயங்காமல் தடுங்கள். தந்தியின் கனம் அந்தச் சுருதிக்கு ஏற்பப் போட்டது, அவ்வளவு இழுத்தால் அறுந்துவிடும். பெரிய வித்வானாக இருந்தாலும் "இந்தத் தந்தி மூணு கட்டைக்குத்தான் போட்டது, மன்னிக்கணும்" என்று சொல்லலாம். அவருக்கு அது தெரிந்த விஷயம்தான்.

கிதார் வாசிப்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. மெட்டைப் பார்த்ததும் பழகிய வாத்தியம் என்று நினைத்து, கிதாரில் அழுத்துகிற அதே பலத்தை மெழுகின் மேல் காட்டுவார்கள்.

திரும்ப வாங்குவது

எவ்வளவு நேரம் என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் வாங்கும்போது சங்கடம் இருக்காது. "ஒரு அஞ்சு நிமிஷம் வாசிச்சுப் பாருங்க, அப்புறம் நான் சாதகம் பண்ணணும்." நேரமானதும் அவர் ஒரு வரியை முடிக்கும்வரை காத்திருங்கள். நடுவில் கை நீட்டாதீர்கள். எடுக்கும்போதும் அதே முறைதான். அவர் உட்கார்ந்தபடியே இருக்கட்டும், நீங்கள் எடுங்கள்.

அவர் முன்னாலேயே துணியால் துடைக்காதீர்கள். அவர் தொட்டதைத் துடைப்பதாக அவருக்குத் தோன்றும், நம் சமூகத்தில் அந்தத் தோற்றம் சாதாரண வலி அல்ல. அவர் போன பிறகு தந்தியைத் துடைத்து, வில்லைத் தளர்த்தி, தொப்பியிலிருந்து ரவையைச் சுரண்டி எடுத்து, சுருதியை ஒருமுறை சரிபார்த்து உறையில் போடுங்கள்.

ஏதாவது உடைந்தால்? தந்தி அறுவது சேதமே இல்லை. உங்கள் கையிலும் நாளைக்கு அறுந்திருக்கும். சிரித்துக்கொண்டே "இது தினம் நடக்கறது" என்று சொல்லிவிட்டுப் புதுத் தந்தி போடுங்கள். எப்போதும் இரண்டு உபரித் தந்தி வீட்டில் இருக்க வேண்டும். மெட்டு நகர்ந்தது, கரணை பெயர்ந்தது, சுரைக்காய் விரிசல் விட்டது என்றால் செலவு உண்டு. பணம் தருகிறேன் என்று அவராகச் சொன்னால் ரிப்பேர் பார்ப்பவர் சொல்கிற தொகையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளலாம். அவர் சொல்லாவிட்டால் கேட்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கொடுக்க முடிவு செய்தது நீங்கள். இழக்கத் தாங்காத வாத்தியம் என்றால் அதை முதல் நாளே கொடுக்காத பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். வேண்டுமென்றே முரட்டுத்தனமாகக் கையாண்டு உடைத்தவர் விஷயம் வேறு, அவரிடம் கேளுங்கள்.

நீங்கள் கேட்கிறவராக இருந்தால்

கச்சேரி முடிந்து வித்வான்கள் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போது மேடையேறி "தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்காதீர்கள். களைத்திருப்பார்கள், அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். திருவையாறு ஆராதனை போன்ற இடங்களில் வரிசையாக வாத்தியங்கள் தரையில் இருக்கும், அவற்றுக்கு நடுவே நடக்கும்போது வேட்டியோ புடவைத் தலைப்போ பிரடையில் மாட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போங்கள்.

ஒருவர் வீட்டில் கேட்கலாம். ஒரு தடவைதான் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். மனைவியிடமோ பிள்ளையிடமோ சிபாரிசுக்குப் போகாதீர்கள். கொடுத்தால் நீங்களாகவே மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். உங்களுக்கு விவரம் தெரியும் என்பது அதிலேயே அவருக்குப் புரிந்துவிடும், முகத்தில் இருந்த கவலையும் குறையும். சுருதியைத் தொடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த பெரிய பாட்டை எடுக்காமல் நாலு ஸ்வரம் மெதுவாக வாசித்து வாத்தியம் எப்படிப் பேசுகிறது என்று கேளுங்கள். ஏதாவது தவறு நடந்தால் மூடி மறைக்காமல் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அவருக்கு அடுத்த நாள் மேடையில் தெரியவந்தால் அதைவிட மோசம்.

திருப்பிக் கொடுத்த பிறகு, எங்கே செய்தது, எந்த ஆசாரி செய்தார், மெழுகும் தந்தியும் யாரிடம் மாற்றுகிறீர்கள் என்று கேளுங்கள். நன்றாக வைத்திருப்பவர்களுக்கு இதைப் பேசுவதில் அலாதி விருப்பம். புதிதாக வாங்கிய உங்களுக்கு அந்த ரிப்பேர்காரரின் போன் நம்பர் சீக்கிரமே தேவைப்படும்.